ஹைடிக்கு ஒரு போட்டு

இல்ல சைலஸ், அந்தப் பெரிய போட்டு வேணாம். நாப்பது பேரை ஏத்திக்கிட்டு, ஒருத்தன் மைக்குல கத்திக்கிட்டே வருவானே, அது எனக்கு ஆகாது. உன்னோட சின்னது ஒண்ணு இருக்குல்ல, உங்கம்மா பேரு வெச்சது, ஹேசலு, அதுதான் வேணும். முழுசா வேணும். வேற ஒரு ஆளை ஏத்தக் கூடாது. திமிங்கலம் பாக்கத்தான் தம்பி. பின்ன இந்த வயசுல தண்ணி மேல எனக்கு வேற என்ன வேலை?

சிரிக்காத. நெஜமாத்தான் கேக்கறேன்.

நீ இன்ஜினைப் பாரு, பாத்துக்கிட்டே பேசு. நான் இப்படி உக்காந்துக்கறேன். மேடு ஏறி இறங்கினதுல முட்டி கெஞ்சுது. ஆமா, நடந்துதான் வந்தேன். காரை எடுன்னு ஹைடிகிட்ட சொன்னா எங்கன்னு கேப்பா. பியூலா வீட்டுக்குக் கம்பளி நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதனால பியூலாவப் பாத்தா நீ ஒண்ணும் உளறி வெக்காத.

உங்கம்மாவும் நானும் மீன் ஆலையில ஒரே மேசையில நின்னவங்க, தெரியும்ல? அவ கையில இருக்கற கத்திய விட வாய் வேகமா ஓடும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனா இவ இந்தப் பக்கம் அவன மாதிரியே நடந்து காட்டுவா, நாங்க சிரிச்சு சிரிச்சு மீன் எல்லாம் கோணலா வெட்டி வெப்போம். நீ உங்கப்பன் மாதிரி. கேட்டாலும் பாதிதான் பதில் வரும். அதுவும் நல்லதுதான். இன்னிக்கு நான் பேசணும்.

யாரெல்லாமா? நானு, ஹைடி. ஆமா, என் மருமகதான், எங்க ஊருல வேற எந்த ஹைடி இருக்கா? ஓட்டறதுக்கு நீ. அவ்வளவுதான், மூணு பேரு.

பாத்து, பாத்து. கால் மேல விழுந்திருக்கும் அந்த ஸ்பேனரு. எண்ணெய்க் கையில பிடிச்சா அப்படித்தான் வழுக்கும்.

எப்ப போனா நல்லாருக்கும், சொல்லு. கேப்லின் மீனு இன்னும் கரைக்கு வரல. நேத்து காலைல எங்க கரையில போய்ப் பாத்தேன், ஒண்ணுகூட புரளல. தண்ணி இன்னும் பனிக்கட்டி மாதிரி இருக்கு. மீனு வந்தாத்தானே அதுங்க பின்னாலயே வரும். ஜூலை மொத வாரமா? சரி, ஜூலைன்னே வெச்சுக்குவோம். மூடுபனி இல்லாத நாளாப் பாரு. காத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடணும்.

அவளுக்கு வாந்தி வரும், அதுதான் எனக்குக் கவலை. மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன், தெரியாம டீயிலயா கலக்க முடியும், எப்படியாச்சும் சொல்லித்தான் குடுக்கணும். ஆறு வருஷமா அவ எந்தப் போட்டுலயும் கால் வெக்கல தம்பி. கரைக்கு வருவா, கல்லுங்க மேல நடப்பா, கடல் பாசி அள்ளித் தோட்டத்துக்குப் போடுவா. ஆனா படகுத்துறைப் பலகை மேல ஏற மாட்டா. போன வருஷம் இவ பாடம் நடத்தற ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் பனிப்பாறை பாக்கப் போனாங்கல்ல, டீச்சர் நீயும் வான்னு அதுங்க கைய பிடிச்சு இழுக்குதுங்க, இவ தலைவலின்னு சொல்லிட்டு கார்ல போய் உக்காந்துட்டா.

அதனாலதான் வேற ஆளு கூடாதுங்கறேன். அவ அழுதா அழட்டும், வாந்தி எடுத்தா எடுக்கட்டும். கையில கேமராவோட எவனாச்சும் அவளத் திரும்பிப் பாத்தா எனக்குப் பொறுக்காது.

உனக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியல. நீ அப்ப வேலைக்குன்னு அல்பர்ட்டால இருந்தே. ஊருல சொன்னதைக் கேட்டிருப்பே. இரு, நான் சொல்றேன். எம்மவனப் பத்தி நான் சொல்லாம வேற யாரு சொல்றது?

அது ஏப்ரல் கடைசி. நண்டு சீசன் அப்பத்தான் தொடங்கியிருந்துச்சு. கேலப்பும் என் நாத்தனார் பையன் வில்ஃபும் போனாங்க. போறப்ப கடல் தட்டு மாதிரி கெடந்துச்சு. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன், கையத் தூக்கிக் காட்டினான், எனக்கு ரெண்டு கையிலயும் மாவு, அதனால தலையத்தான் ஆட்டினேன். மத்தியானத்துக்கு மேல வடகிழக்குக் காத்து. பனிக்கட்டியெல்லாம் உள்ள தள்ளிக்கிட்டு வந்துச்சு. பொழுது சாயறவரைக்கும் ஹைடி சொல்லிட்டே இருந்தா, பக்கத்துத் துறையில ஏறியிருப்பாங்கம்மா, போன் எடுக்கலன்னா பேட்டரி போயிருக்கும்னு. அவளுக்கு அப்ப முப்பதுகூட ஆகல.

ஹெலிகாப்டர் வந்துச்சு, கோஸ்ட் கார்டு கப்பல் வந்துச்சு, இந்தக் குடாவுல இருக்கற போட்டு ஒண்ணு விடாம எல்லாம் போச்சு. உங்கண்ணன்கூடப் போனான், அதை நான் மறக்கல. போட்டு கவுந்து கெடந்துச்சு. வில்ஃப் கெடச்சான், பாவம், லைஃப் ஜாக்கெட்டோட. கேலப் கெடைக்கல. அவன் தொப்பிகூடக் கெடைக்கல.

அப்புறம் ஒரு நாளு கோஸ்ட் கார்டு அதிகாரி எங்க வாசல்ல வந்து நின்னு, தேடறத நிறுத்திட்டோம்மான்னாரு.

பெரிய கப்பல் எதாச்சும் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? போர்ச்சுகல்காரன் கப்பல், ரஷ்யாக்காரன் கப்பல், எத்தனை போகுது வெளிக்கடல்ல. முன்னாடி அப்படியெல்லாம் நடந்ததுதானே. தலையில அடிபட்டு, பேரு ஊரு மறந்து எங்கயாச்சும் இருக்கலாம்.

தலையக் குனியாத சைலஸ். இதைச் சொன்னா எல்லாரும் இப்படித்தான் குனியறாங்க. பாதிரியாரு குனியறாரு, கடைக்காரி குனியறா, நீயும் குனியறே. நிமிந்து உக்காரு. இன்னும் இருக்கு பேச.

டீயா? கெட்டிலு சுத்தமாத்தான் இருக்கா? சரி, போடு. டின் பால் இருந்தா ஊத்து, இல்லேன்னா சும்மாவே குடு.

அவ மொத மொத இந்த ஊருக்கு வந்ததே திமிங்கலம் பாக்கத்தான், உனக்குத் தெரியுமா? ஒன்டாரியோல இருந்து சிநேகிதிங்களோட ஒரு வாரம் லீவுல வந்தா. கேலப் அப்ப நண்டு முடிஞ்சதும் ஜூலையில நாலு பேரு, அஞ்சு பேருன்னு வெளியூர்க்காரங்களக் கூட்டிட்டுப் போவான். மொத நாளு போனா, வாந்தி. ஒரு திமிங்கலம் இல்ல. மறுநாள் சிநேகிதிங்க எல்லாம் போதுமடி ஆளை விடுன்னு படுத்துட்டாளுங்க, இவ மட்டும் வந்தா. அன்னிக்கும் வாந்தி, அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கு அடுத்த நாளும் வந்து நிக்கறா. கேலப் வந்து எங்கிட்ட சொல்றான், அம்மா, பச்சை மூஞ்சியோட ஒரு பொண்ணு வருது, காசைத் திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேங்குது, பாத்துட்டுத்தான் போவேன்னு நிக்குதுன்னு.

கடைசில ஒரு நாளு பாத்துட்டா. போட்டுக்குப் பக்கத்துலயே அந்தக் கூன் முதுகுத் திமிங்கலம் எந்திரிச்சு மூச்சு விட்டுச்சாம். உனக்குத் தெரியுமே அந்த நாத்தம், அழுகின முட்டைகோஸ் மாதிரி. தலையிலருந்து காலு வரைக்கும் நனைஞ்சு போயி, காய வெக்க எடம் வேணும்னு கேலப் நேரா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டான். என் சமையல்கட்டுல நின்னு தரையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட சிரிக்கறா. நிறுத்த முடியல அவளால. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். என் மேல தும்மிடுச்சு, என் மேல தும்மிடுச்சுன்னு அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. எம்மவன் துண்டைக் கையில வெச்சுக்கிட்டு, குடுக்கணும்னே தோணாம அவளையே பாத்துட்டு நிக்கறான். நானே புடுங்கிக் குடுத்தேன்.

எனக்கு அவளப் பிடிக்கல அப்போ. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? உப்புக்கறி சாப்பிட மாட்டாளாம். பால் ஒத்துக்காதாம். ஒரு மீனைக் குடுத்து சுத்தம் பண்ணும்மான்னா, அதோட கண்ணைப் பாத்து மன்னிப்புக் கேக்கறா. டேய், இவ நம்ம குளிருக்கு ஒரு மாசம் தாங்க மாட்டாடான்னேன். ஒரு மாசம் தாங்கட்டும்மா, அப்புறம் பேசிக்கலாம்னான். பன்னெண்டு வருஷமாச்சு. இப்ப எங்க தெருவுல அவ சுத்தம் பண்ற மாதிரி ஒருத்தி காட் மீனை சுத்தம் பண்ண மாட்டா. மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்டுட்டுதான் இருக்கா.

டீ நல்லாருக்கு. உங்கம்மா டீயக் கொதிக்க வெச்சே கொன்னுடுவா.

கேலப் போனப்புறம் இவ எங்க ஊருல இருப்பான்னு யாரும் நெனைக்கல. நானும்தான். இவங்கப்பா வந்தாரு அடுத்த வருஷக் கோடையில, அவ்வளவு தூரம் காரு ஓட்டிக்கிட்டு, கப்பல்ல காரை ஏத்திக்கிட்டு. நல்ல மனுஷன். என் சமையல்கட்டுல உக்காந்து தொப்பியக் கையில வெச்சு சுத்திக்கிட்டே இருந்தாரு. வாம்மா, வீட்டுக்குப் போலாம், உன் ரூம் அப்படியேதான் இருக்குன்னாரு. இவ என்ன சொன்னா தெரியுமா? கேலப் வர்றப்ப வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுப்பான்னா. அந்தாளு என்னைப் பாத்தாரு. நான் அடுப்பப் பாத்தேன்.

அப்படியே இருந்துட்டோம். நீ எங்க வீட்டுக்கு வந்திருக்கேல்ல, வாசல் விளக்கைப் பாத்திருப்பே. பொழுது சாஞ்சா போட்டுடுவோம். நான் மறந்தா அவ போடுவா, அவ மறந்தா நான் போடுவேன். அவன் பூட்ஸு அடுப்புக்குப் பக்கத்துலதான் இருக்கு. குளிர்காலம் வந்தா எடுத்து எண்ணெய் தடவி வெப்பா. அவன் பொறந்த நாளுக்கு நான் காட்டுப்பழம் போட்டு கேக் செய்வேன். மூணு துண்டு வெட்டி, மூணாவதை மூடி வெப்போம். மறுநாள் யாரு சாப்பிடறதுன்னு ரெண்டு பேரும் கேட்டுக்க மாட்டோம்.

எங்கிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசினதில்ல தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கிளாரன்வில் வரைக்கும் அவதான் கூட்டிட்டுப் போறா. முட்டி மடங்காதப்ப என் காலை மடியில வெச்சு நகம் வெட்டி விட்டா. அன்னிக்கு அவ உச்சந்தலையில வெள்ளை முடி பாத்தேன். என்னடி, உனக்கு வந்துடுச்சுன்னேன். உங்க வீட்டுத் தண்ணிம்மான்னா. சிரிச்சோம். அப்புறம் நான் உள்ள போயி அவ வயசை எண்ணிப் பாத்தேன். முப்பத்தஞ்சு வயசு. வயசான பொம்பள காலை மடியில வெச்சுக்கிட்டு இருக்கா.

சரி, போட்டுக்கு வருவோம். அவளை எங்க உக்கார வெப்பே? முன்னாடி வேணாம், அலை தூக்கிப் போடும். நடுவுல, என் பக்கத்துல. கம்பளி நான் எடுத்துட்டு வர்றேன், ரொட்டியும் ஃப்ளாஸ்க்கும்கூட. அதுங்க மூச்சு கண்ணுல பட்டதும் நீ ரொம்பக் கிட்டப் போகாத. தள்ளியே இன்ஜினை நிறுத்திடு. அதுங்களா வந்தா வரட்டும். நிறுத்தினப்புறம் நான் சொல்றவரைக்கும் திருப்பிப் போடக் கூடாது. குளிருது, காத்து மாறுதுன்னு எதுவும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் ஆகும் எனக்கு.

என்ன செய்யப் போறேனா? சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

போன ஞாயித்துக்கிழமை சர்ச் ஹால்ல சாப்பாடு நடந்துச்சுல்ல. எல்லாரும் போனப்புறம் நான் திரும்பி வந்தேன். பட்டாணி வேக வெச்ச என் பாத்திரம் சமையலறையிலயே விட்டுப்போச்சு. நீயும் ஹைடியும் பின்வாசப் படியில உக்காந்திருந்தீங்க. கதவு தெறந்துதான் கெடந்துச்சு.

என்னையப் பாரு சைலஸ். நான் திட்ட வரல.

நீ ஒண்ணும் தப்பாக் கேக்கல. வீடு கட்டி முடிச்சாச்சு, ஜன்னல் எல்லாம் கடலைப் பாத்து வெச்சுட்டேன், உனக்குப் பாக்கக் கஷ்டமா இருந்தா மலையைப் பாக்கற மாதிரி மாத்திடறேன்னே. அடேய், ஒரு பொண்ணுகிட்ட கல்யாணத்தைப் பத்தி இப்படியாடா கேப்பாங்க, ஜன்னலப் பத்திப் பேசி? ஆனா அவளுக்குப் புரிஞ்சுது. எனக்கும் புரிஞ்சுது. நல்லாத்தான் கேட்டே.

அவ சொன்னதையும் கேட்டேன். ஜன்னல் நல்லாத்தான் இருக்கு சைலஸ், என்னால வர முடியாதுன்னா. எனக்குத் தெரியும் அவன் இல்லன்னு, மொத குளிர்காலத்துலயே தெரியும், ஆனா அம்மா இன்னும் நம்பறாங்க, நான் அந்த வீட்டை விட்டு வெளிய வந்தா அவங்க கையாலயே அவனைப் புதைக்கச் சொன்ன மாதிரி ஆயிடும்னா. அம்மாவையும் கூட்டிட்டு வா, கீழ் ரூம் அவங்களுக்குத்தான் போட்டிருக்கேன்னு நீ சொன்னே. அதையும் கேட்டேன். அதுக்கு அவ, அவங்க வரமாட்டாங்க, அவன் வந்து கதவத் தட்டினா யாரு தெறப்பான்னு கேப்பாங்கன்னா.

நான் அப்படி ஒரு நாளும் கேட்டதில்ல தம்பி. ஆனா கேப்பேன்னு அவ நெனைக்கறா.

பாத்திரத்தை எடுக்காமலே திரும்பிட்டேன். இப்பவும் அங்கதான் கெடக்கு.

நான் நம்பறேனாம். எங்கப்பாவும் அந்தத் தண்ணியிலதான் இருக்காரு. அவரு தம்பியும். அந்தத் தண்ணி ஏப்ரல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் குடுக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்த அதிகாரி வாய் தெறக்கறதுக்கு முன்னாடியே, தொப்பியக் கழட்டினப்பவே தெரியும். ஒரு நாளுகூட நான் நம்பல.

பின்ன ஏன் சொன்னேன்னா, அவ சாப்பிடல சைலஸ். தேடறத நிறுத்தினப்புறம் அவ எதுவுமே சாப்பிடல. செவுத்தைப் பாத்துப் படுத்துட்டா. உதடு எல்லாம் வெடிச்சுப் போச்சு. என் பையன் போயிட்டான், இவளும் போயிடுவான்னு பயந்துட்டேன். ஒரு நாளு காலைல கஞ்சியக் கையில வெச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்து, என்ன சொல்றோம்னே தெரியாம சொன்னேன். வெளிக்கடல்ல போர்ச்சுகல்காரன் கப்பல் போகுதுடி, தூக்கியிருக்கலாம், அவன் வர்றப்ப நீ எலும்பாக் கெடந்தா என்னைத்தான் கேப்பான்னேன். அவ திரும்பினா. எந்திரிச்சு உக்காந்தா. நாலு ஸ்பூன் சாப்பிட்டா. அதனால மறுநாளும் சொன்னேன்.

அவளுக்காக நான் விளக்குப் போட்டேன். எனக்காக அவ போட்டிருக்கா. ஒரே வீட்டுல, ஒரே மேசையில உக்காந்துக்கிட்டு. மொத குளிர்காலத்துலயே தெரியும்னாளே. அப்ப அன்னிக்கு அவங்கப்பாகிட்ட சொன்னது கூட, எனக்காகத்தான் சொல்லியிருக்கணும். தன் ஊரு, தன் ரூம், பெத்தவங்க, எல்லாத்தையும் விட்டுட்டு, இந்தக் கிழவி மனசு ஒடையக் கூடாதுன்னு உக்காந்திருக்கா.

வீட்டுலயே சொல்லிடலாமேன்னு கேக்கறியா? ஞாயித்துக்கிழமையில இருந்து அதுதான் பாக்கறேன். ஹைடின்னு கூப்பிடறேன். என் மூஞ்சியப் பாத்ததும், டீ போடட்டுமாம்மான்னு எந்திரிச்சுடறா. சாப்பிடறப்ப தொடங்கினா தட்டைக் கழுவப் போயிடறா. அவளுக்குப் பயம், நான் எதாச்சும் தாங்க முடியாததைச் சொல்லிடுவேன்னு. போட்டுல எங்க எந்திரிச்சுப் போவா?

அதுவும் இல்லாம, அவன் இருக்கற எடம் அது. அவ அவனைப் பாத்த எடமும் அதுதான். திமிங்கலம் வந்தா அவ முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பாக்கட்டும். முழுசாப் பாத்து முடிக்கட்டும். அதுக்கப்புறம் அவ கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிடுவேன். நீ அப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கோ. கயிறு எதாச்சும் சுத்திக்கிட்டு இரு.

உன் கீழ் ரூமுக்கு நான் வருவேனான்னு இப்ப கேக்காத. அதை அவ கேட்டா அவகிட்ட சொல்லிக்கறேன்.

ரெண்டே வார்த்தைதான். ஆறு வருஷமா நான் வாயைத் தெறந்து சொல்லாத ரெண்டு வார்த்தை. பாதிரியாருகிட்ட சொன்னதில்ல, வில்ஃபோட அம்மாகிட்ட சொன்னதில்ல, வீட்டுல யாருமில்லாதப்ப தனியாக்கூட சொன்னதில்ல.

கேலப் செத்துட்டான்.

ம்.

இல்ல, பரவால்ல.  போட்டு வேணும்னு போன் பண்ணியே கேட்டிருக்கலாம்ல, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஏன் மேடு ஏறி வரணும்? வாயில வருதான்னு பாக்கத்தான் வந்தேன். அவகிட்ட போய்ப் பாதியில நின்னுடக் கூடாதுல்ல.

கேப்லின் வந்ததும் கூப்பிடு. அவதான் போனை எடுப்பா. அம்மாகிட்ட குடுன்னு கேக்காத, அவகிட்டயே சொல்லு, அம்மா திமிங்கலம் பாக்க வரணும்னாங்க, நீயும் வான்னு. ஜன்னலப் பத்திப் பேசின மாதிரி இழுக்காம, நேரா சொல்லு.

இப்ப கையக் குடு. எந்திரிக்கணும்.